யாருக்கும் தொந்தரவு தராத பிள்ளை

"ஏடிஹெச்டி எல்லாம் பையன்களுக்கு வர்றதுதானே?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு அக்கா. கேள்வியில் தப்பில்லை. கவனக்குறைவு, துடிதுடிப்புக் கோளாறு என்ற அந்தப் பெயரைக் கேட்டதும் நம் எல்லோர் மனதிலும் வந்து நிற்பது ஒரு பையன்தான். பெஞ்சு மேல் ஏறுவான், பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுவான், வாரம் தவறாமல் அவன் அம்மாவைப் பள்ளிக்கு வரவழைப்பான். அக்காவின் மகள் எட்டாம் வகுப்பு. அவள் எதன் மேலும் ஏறுவதில்லை. "நல்ல பொண்ணுதான், கொஞ்சம் கவனம் வேணும்" என்பதோடு டீச்சர்களின் புகாரும் முடிந்துவிடும். அவளுக்கு அது இருக்கிறதா இல்லையா என்று சொல்வது மருத்துவரின் வேலை, என்னுடையது அல்ல. பெண்பிள்ளைகளுக்கு வராது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லலாம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் பழைய கதை.

1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவு நன்றாக இருந்தும் ஒன்றிலும் நிலைக்க முடியாத, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத பிள்ளைகளைப் பற்றித் தொடர் உரை ஆற்றினார். அவர் விவரித்தவர்களில் பையன்களே அதிகம். 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி என்பவர் நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கு முதன்முதலாக ஊக்க மருந்து கொடுத்துப் பார்த்தார். அந்த 30 பேரில் 21 பேர் பையன்கள். 1968இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதற்கு ஒரு பெயர் வைத்தபோது, பிள்ளையின் ஓயாத ஆட்டத்தை வைத்தே அதைச் சூட்டியது. 1980இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் கவனம் நடுவுக்கு வந்தது. ஆட்டம் பாட்டம் இல்லாமலும் இது இருக்கலாம் என்று அப்போதுதான் எழுதினார்கள். வகுப்பில் அமைதியாக உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற பிள்ளைக்கு மருத்துவப் புத்தகத்தில் இடம் கிடைத்தே நாற்பது சொச்சம் வருடம்தான் ஆகிறது.

புத்தகத்தில் இடம் கிடைத்தது, ஓபி வரிசையில் கிடைக்கவில்லை. மருத்துவமனைக் கணக்கை எடுத்தால் பையன்கள் பல மடங்கு. பள்ளி பள்ளியாகப் போய் எண்ணினால் அது இரண்டு, மூன்று மடங்காகக் குறைகிறது. வளர்ந்தவர்களிடம் பார்த்தால் ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட நெருங்கி வந்துவிடுகிறார்கள். வயது ஏற ஏறப் பெண்களுக்குப் புதிதாகத் தொற்றிக்கொள்ளும் நோயா இது? இல்லை. சிறுவயதில் அவர்களில் பலரை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை என்பதே பெரிய காரணம். ஒரு பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப் போவதற்கு நம் ஊரில் முக்கால்வாசி நேரம் காரணம், அந்தப் பிள்ளை நமக்குத் தரும் தொந்தரவு. அந்தப் பிள்ளை படும் தொந்தரவுக்காக அழைத்துப் போவது குறைவு.

அப்படி என்னதான் படுகிறாள்? "அவளுக்குக் கவனம் இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க? படம் வரைய உட்கார்ந்தா மூணு மணி நேரம் எழுந்திருக்க மாட்டா" என்றார் அக்கா. எல்லா அம்மாக்களும் கேட்கும் கேள்வி இது. ஏடிஹெச்டி உள்ள பிள்ளையிடம் கவனம் நிறையவே இருக்கும். அதை வேண்டிய இடத்துக்குத் திருப்புவதும், வேண்டிய நேரத்தில் மீட்டு எடுப்பதும்தான் கைவராது. பிடித்த வேலையில் மூழ்கினால் பசிகூடத் தெரியாது. பிடிக்காத வேலையில் மனம் நிற்க மறுத்தால், அவளே அதட்டினாலும் நிற்காது.

ஒரு சாயங்காலத்தை நினைத்துப் பாருங்கள். "மாடிக்குப் போய்க் காயப்போட்ட துணியை எடுத்துட்டு, இறங்கும்போது மோட்டாரை நிறுத்திட்டு, பாட்டி மாத்திரை போட்டாங்களான்னு கேட்டுட்டு வா." மூன்று வேலை. பிள்ளை போகிறாள். கால் மணி நேரம் கழித்து ஒரு துண்டோடும், தண்ணீர்த் தொட்டி மேல் பார்த்த அணிலின் கதையோடும் திரும்பி வருகிறாள். தொட்டி நிரம்பி வழிகிறது. பாட்டியிடம் போனாள், ஆனால் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. பாட்டியின் மூக்குத்தியைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருக்கிறாள். இதில் திமிர் கிடையாது, சோம்பேறித்தனமும் கிடையாது. சொன்ன மூன்றையும் ஒருசேர மனதில் பிடித்து வைத்திருக்கும் வேலையைச் செய்வது மூளையின் முன்பகுதி. 2007இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஃபிலிப் ஷா குழுவினர் பிள்ளைகளின் மூளையை ஆண்டுக்கணக்கில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்குச் சராசரியாக ஏழரை வயதில் எட்டும் மூளைப் புறணி வளர்ச்சி, ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குப் பத்தரை வயதில்தான் எட்டியது. அதிகம் பின்தங்கியிருந்தது அந்த முன்பகுதிதான். நாம் பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் எதிர்பார்ப்பதைச் சில விஷயங்களில் பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பெண்பிள்ளைகளிடம் இது வேறு முகம் காட்டும். ஆட்டம் உடம்பில் தெரியாமல் வாயில் தெரியலாம், அப்போது அவளுக்கு 'வாயாடி' என்று பட்டம். விரலில் தெரியலாம், நகம் கடிப்பாள், முடியைச் சுருட்டுவாள், நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்கக் கோலம் போட்டு வைப்பாள். சின்னச் சொல்லுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வரும். தோழிகளின் பேச்சில் ஓர் இழை விட்டுப்போய்ச் சம்பந்தமில்லாமல் எதையாவது சொல்லி, பிறகு ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். ஐந்தாம் வகுப்பு வரை ஒரே டீச்சர், பையை அடுக்கித் தர அம்மா, அதனால் எதுவும் தெரியாது. எட்டு, ஒன்பது வரும்போது பாடத்துக்கு ஒரு டீச்சர், ரெக்கார்டு நோட், பிராஜெக்ட், டியூஷன் என்று எல்லாம் ஒரே சமயத்தில் குவியும். அப்போது சறுக்கும். "நல்லாப் படிச்சுட்டு இருந்தவ, செல்போன் வந்து கெட்டுப்போச்சு" என்று வீட்டில் தீர்ப்பும் எழுதிவிடுவார்கள்.

மார்க் குறையாமலே இருப்பவளும் உண்டு. மற்றவள் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வீட்டுப்பாடத்தை இவள் நான்கு மணி நேரம் உட்கார்ந்து முடிக்கிறாள். பையை ஐந்து தடவை திறந்து பார்க்கிறாள். வகுப்பில் ஒன்றும் புரியாதபோது பக்கத்தில் இருப்பவள் எந்தப் பக்கம் திருப்புகிறாளோ அதையே திருப்புகிறாள். நாள் முழுக்க இப்படி ஒப்பேற்றிவிட்டு வீடு திரும்பியதும் ஷூவைக் கழற்றச் சொன்னதற்கு ஓவென்று அழுகிறாள். ரேங்க் கார்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த மார்க்குக்கு அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்று பார்த்தால்தான் தெரியும்.

மறைக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்றால், நாம்தான். பையனின் அலமாரி குப்பையாகக் கிடந்தால் "ஆம்பளைப் பிள்ளை அப்படித்தான்" என்று சிரிப்போம். பெண்ணின் அலமாரி அப்படிக் கிடந்தால் "போற வீட்டுல என்ன வளர்த்தாங்கன்னு கேப்பாங்க" என்போம். இதைக் கேட்டு வளர்கிற பிள்ளை வெளியே ஒழுங்கைக் காட்டி, உள்ளே 'நான்தான் சரியில்லை' என்று எழுதிக்கொள்கிறாள். அதனால்தான் பல பெண்கள் பதற்றம், மனச்சோர்வு என்று மருத்துவரிடம் போய், பல வருடம் கழித்து அதன் அடியில் இது இருந்ததை அறிகிறார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹின்ஷா 1997இல் தொடங்கிய ஆய்வு, ஏடிஹெச்டி உள்ள 140 சிறுமிகளையும் இல்லாத 88 சிறுமிகளையும் இளம்பெண்களாகும் வரை தொடர்ந்தது. முதல் குழுவில், அதிலும் சிறுவயதில் துடிதுடிப்பும் சேர்ந்திருந்தவர்களிடம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலை முயற்சியும் கூடுதலாக இருந்ததை 2012இல் வெளியிட்டார்கள். 'வளர்ந்தா சரியாயிடும்' என்று விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இதற்காகக் கவனம் சிதறுகிற எல்லாப் பிள்ளைக்கும் இந்தப் பெயரை ஒட்டிவிடவும் கூடாது. இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இரும்புச்சத்து இல்லாத பிள்ளையும் வகுப்பில் தூங்கி வழிவாள். தைராய்டு, கண்பார்வை, காது, ராத்திரித் தூக்கம், வீட்டில் நடக்கும் சண்டை, எழுத்துக்கூட்டிப் படிப்பதில் உள்ள தனிச்சிக்கல் என்று பார்க்க வேண்டியவை பல. ஏடிஹெச்டியை இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ கண்டுபிடிக்க முடியாது. கவனக்குறைவுக்கு ஒன்பது, துடிதுடிப்புக்கு ஒன்பது என்று அறிகுறிகள் வைத்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு வரிசையில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும், 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும், வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது பழைய வகுப்பு டைரிகளையும் டீச்சர்களின் குறிப்புகளையும் எடுத்துப் போனால் பாதி வேலை முடிந்தது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் மறதியும் கோபமும் கூடுகிறதா என்று காலண்டரில் குறித்து வைத்துக் காட்டுங்கள். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது கவனமும் தடுமாறும் என்று இப்போதுதான் ஆராயத் தொடங்கியிருக்கிறார்கள். பையன்களையே பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வி எப்படி எழும்?

வளர்ப்புக் கோளாறு அல்ல இது, சாக்லேட்டால் வருவதும் அல்ல. இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகள், இதில் ஏறக்குறைய முக்கால் பங்கு பரம்பரை வழி என்கின்றன. இதைச் சொன்னதும் அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அடுப்புல பாலை வெச்சுட்டு அதையே பார்த்துட்டு நின்னாலும் எனக்குப் பொங்கிடும். எங்கம்மா திட்டாத நாள் இல்ல" என்றார். மகளுக்காகப் போய்த் தனக்கும் சேர்த்து விடை கண்ட அம்மாக்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை செலவில்லாதவை, ஆனால் பொறுமை கேட்பவை. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், அதுவும் அடுத்த அறையிலிருந்து கத்தாமல், பக்கத்தில் போய். நாளைக்கு வேண்டியதை வாசற்கதவில் எழுதி ஒட்டுங்கள், பை ராத்திரியே தயாராகட்டும். அவள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் கீரை ஆய்ந்தால் போதும், பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆள் பக்கத்தில் இருந்தாலே இப்படிப்பட்ட பலருக்கு வேலை ஓடும். தண்டனையாகக் கபடியையும் டான்ஸ் வகுப்பையும் பிடுங்காதீர்கள், ஓடியாடும் பிள்ளைக்குக் கவனம் நன்றாக நிற்கும். டீச்சரிடம் முன்வரிசையில் இடம் கேளுங்கள், பெரிய பிராஜெக்டைத் துண்டு துண்டாகத் தேதி போட்டுத் தரச் சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் "கனவு கண்டது போதும்" என்று கேலி செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஹெச்டியின் பெயர் தனியாக இல்லை, கற்றல் குறைபாடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே வருவது உண்டு என்பதால் அதையும் சோதித்துவிடுவது நல்லது.

மருந்து என்றதும் பயம் வருவது இயல்பு. ஆறு வயதுக்குள் என்றால் பெற்றோருக்கான பயிற்சிதான் முதலில். அதற்கு மேல், தேவைப்பட்டால் மருத்துவர் மெத்தில்பெனிடேட் போன்றவற்றைத் தருவார். 1944இல் அதைத் தயாரித்த வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிசோன் தன் மனைவி ரீட்டாவின் பெயரை ஒட்டி அதற்கு ரிட்டலின் என்று பெயர் வைத்தார். பெண்ணின் பெயர் கொண்ட மருந்தைப் பிறகு பல காலம் பெரும்பாலும் பையன்களிடமே சோதித்தார்கள் என்பது வேடிக்கைதான். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், எடையையும் உயரத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். இது கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை இல்லை. அண்டை வீட்டுக்காரி பேச்சைக் கேட்டு, என்னையும் சேர்த்துத்தான், தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

எங்கே போவது என்று அக்கா கேட்டார். அரசின் ஆர்பிஎஸ்கே என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் 18 வயது வரை இலவசமாகப் பார்க்கும் குறைபாடுகளின் பட்டியலில் ஏடிஹெச்டி இருக்கிறது. அந்தத் திட்டத்தின் டிஇஐசி என்ற ஆரம்பநிலை இடையீட்டு மையம் மாவட்டத்தில் எங்கே என்று அரசு மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் உண்டு. பிள்ளை 'செத்துப் போகலாம்போல இருக்கு' என்ற மாதிரி ஏதாவது சொன்னால், விளையாட்டாகச் சொன்னதுபோலத் தோன்றினாலும், காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.