இணைய முகவரிக்கும் ஒரு முத்திரை

வங்கியின் இணைய முகவரியைக் கைப்பேசியில் எழுதியவுடன், அப்பெயருக்குரிய எண்முகவரியைப் பெயர்ச் சேவையகம் ஒன்று தேடித் தருகின்றது. அவ்விடையில் எவரேனும் பொய்யான எண்ணைப் புகுத்திவிட்டால், பெயரைப் பிழையின்றி எழுதியவரும் போலித் தளத்திற்குத் திருப்பப்படலாம். இவ்வபாயத்தின் அளவை 2008ஆம் ஆண்டில் டான் காமின்ஸ்கி என்னும் அமெரிக்க வல்லுநர் உலகிற்கு உணர்த்தினார்.

திருவிதாங்கூர் அரசின் அஞ்சல் துறை 1888இல் வெளியிட்ட தலைகளில் சங்குச் சின்னம் விளங்கியது. அரசின் அஞ்சல் என்பதற்கு அதுவே அடையாளம். ‘டி.என்.எஸ்.செக்’ என்னும் முறையும் விடைகளுக்கு இத்தகைய அடையாளத்தைத் தருகின்றது. ஆனால் இது கணிதத்தால் அமைந்த கையொப்பம். விடையில் ஓரெழுத்து மாறினும் பொருந்தாது.

கையொப்பம் இருந்தால் மட்டும் போதாது. அதனைச் சரிபார்க்கும் சேவையகத்திற்குத் தெளிவான விதிகளும் வேண்டும். அவற்றுள் முதன்மையானவை மூன்று.

முதலாவது, நம்பிக்கையின் வேர். இணையப் பெயர்கள் அனைத்திற்கும் தலையான மூல மண்டலத்தின் திறவுகோலைச் சேவையகம் வைத்திருத்தல் வேண்டும். அங்கிருந்து ‘இன்’, பின்னர் வங்கியின் பெயர் என ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குச் சான்றளிக்கின்றது. மூலத் திறவுகோல் 2018 அக்டோபர் 11 அன்று முதன்முறையாக மாற்றப்பட்டது. ஆகவே புதிய திறவுகோலைத் தானே ஏற்கும் அமைப்பும் தேவை.

இரண்டாவது, காலம். ஒவ்வொரு கையொப்பத்திற்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. சேவையகத்தின் கடிகாரம் பிழையாயின் மெய்யான விடையும் தள்ளப்படும்.

மூன்றாவது, மறுப்பு. கையொப்பம் இடப்படாத பெயர் வேறு. கையொப்பம் பிழைத்த பெயர் வேறு. மேற்படியே ‘இதற்குக் கையொப்பம் இல்லை’ எனச் சான்றளித்தால் விடையை ஏற்கலாம். பிழைத்ததாயின் விடை தருதலாகாது.

கடினமானது இம்மூன்றாவது விதியே. திருவனந்தபுரம் சாலைக் கடைவீதி வணிகர் ஒருவர் சரக்கிற்குப் பணம் அனுப்பும் வேளையில் தளம் திறக்கவில்லை எனக் கொள்வோம். முறையீடுகள் பெருகினால், சரிபார்ப்பையே நிறுத்திவிடலாம் என்னும் எண்ணம் பொறியாளருக்கு எழக்கூடும். அவ்வாறு நிறுத்தினால் எல்லாப் பெயர்களுக்கும் காவல் நீங்கிவிடும். அப்பெயருக்கு உரியவரிடம் உறுதி செய்துகொண்டு, அந்த ஒரு பெயருக்கு மட்டும் குறுகிய காலம் விலக்களிப்பதே முறை.

வங்கிகள் அனைத்தும் 2025 அக்டோபர் 31க்குள் ‘பேங்க்.இன்’ என முடியும் முகவரிக்கு மாறுதல் வேண்டுமென இந்திய ரிசர்வ் வங்கி பணித்தது. இம்முகவரிகளை ஐதராபாத்திலுள்ள ஐ.டி.ஆர்.பி.டி. நிறுவனமே பதிவு செய்கின்றது. எனவே முகவரியின் இறுதியை நோக்குதல் வாடிக்கையாளர்க்கு எளிய சோதனையாகும்.

தளம் திறவாதபோது குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை நாடாதீர்கள், கிளையை அணுகுங்கள். ஒருமுறைக் கடவுச்சொல்லைத் தாமே பிறர்க்குக் கூறுவோரை எக்கையொப்பமும் காக்க இயலாது. பணம் பறிபோனால் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.