ஓய்வுக்காலச் சேமிப்பும் தருமமும்

தருமம் செய்வோருக்கு வரிச் சலுகை உண்டு என்பது நேயர்கள் அறிந்ததே. அச்சலுகை இருவகையாக அமையலாம். பெற்ற வருமானத்திலிருந்து கொடுத்ததைக் கழித்துக்கொள்வது ஒரு வகை. கொடுத்த தொகையை வருமானமாகவே கருதாதிருப்பது மற்றொரு வகை. பின்னதற்கு அமெரிக்க நாட்டு ஏற்பாடு ஒன்று தக்க உதாரணமாகும். பிள்ளைகளும் உறவினரும் அந்நாட்டில் வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல இருத்தலின், இதனை அறிதல் பயன் தரும்.

அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு ஏற்பட்டது. அதன் பழைய வகையில், உழைக்கும் நாளில் இடும் தொகைக்குப் பெரும்பாலும் வரி இல்லை. முதுமையில் எடுக்கும்போது வரி உண்டு. இன்றைய விதிப்படி 73 வயது முதல் ஆண்டுதோறும் ஒரு குறைந்தபட்சத் தொகையை எடுத்தே தீரவேண்டும். பணம் தேவைப்படாதவருக்கும் விலக்கில்லை.

இத்தகையோருக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி திறந்தது. 2015-இல் அது நிரந்தரமாயிற்று. எழுபதரை வயது நிறைந்தவர், தம் கணக்கிலிருந்து தரும ஸ்தாபனத்துக்கு நேராகப் பணம் அனுப்பச் செய்யலாம். 2025-இல் இதன் உச்சவரம்பு 1,08,000 டாலர். ஒருவர் 10,000 டாலர் எடுக்கவேண்டியிருக்கிறது எனக் கொள்வோம். அதில் 4,000 டாலரைத் தருமத்துக்கு அனுப்பினால், எஞ்சிய 6,000 டாலரே வருமானமாகும். கட்டாயத் தொகையை எடுத்த கடமையும் தீரும்.

நிபந்தனைகள் உண்டு. பணம் முதலில் அவருடைய வங்கிக் கணக்கில் சேர்ந்துவிட்டால் சலுகை போய்விடும். பெறும் ஸ்தாபனம் அமெரிக்கச் சட்டப்படி தகுதி பெற்றதாக இருத்தல் வேண்டும். ஆகவே, நம் ஊர்ப் பள்ளிக்கோ கோயிலுக்கோ இவ்வழியில் நேராக அனுப்ப இயலாது. அங்குள்ள உறவினரிடம் நன்கொடை கேட்போர் இதனை நினைவிற் கொள்க.

நம் நாட்டு முறை முதல் வகையைச் சேர்ந்தது. ஓய்வூதியம் முதலில் வருமானக் கணக்கில் ஏறும். நன்கொடைக் கழிவு அதன் பின்னரே. அக்கழிவும் பழைய வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கே உரியது. அவருக்கும், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்குக் கழிவு இல்லை. 2023-24 நிதியாண்டு முதல், தனியே ஒன்றைத் தேர்ந்தெடுக்காதவருக்குப் புதிய திட்டமே பொருந்தும். அதில் இக்கழிவு கிடையாது. எனவே, வரி குறையுமென எண்ணிக் கொடுக்கும் ஓய்வூதியர், தாம் எத்திட்டத்தில் இருக்கிறோம் என்பதை முன்னரே அறிந்துகொள்ளுதல் நலம்.