அரைக்கால் தெரிந்த வீட்டில் பின்னக் கணக்கு

எமது மாலை வகுப்பில் தரம் 7 பிள்ளைகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தோம். 1/2 உடன் 1/3 ஐக் கூட்டினால் எவ்வளவு? அநேகமானோர் மேலே உள்ளவற்றையும் கீழே உள்ளவற்றையும் தனித்தனியே கூட்டி 2/5 என்று எழுதினார்கள். பிழை என்று வெட்டாமல், அதையே காணியாக்கிக் கேட்டோம். "அம்மம்மாவின் காணி 12 பரப்பு. அரைவாசி அம்மாவுக்கு, மூன்றிலொன்று சின்னம்மாவுக்கு. இரண்டு பேருக்கும் சேர்த்து எத்தனை பரப்பு?" ஆறும் நாலும் பத்து என்று உடனே சொன்னார்கள். பன்னிரண்டில் பத்து என்றால் 5/6. அவர்கள் எழுதிய 2/5 இன்படி ஐந்து பரப்புக்கூட வராது. அம்மாவின் ஆறு பரப்பிலும் குறைவு. "கூட்டினது எப்பிடிச் சேர் குறையும்?" என்றாள் ஒரு மாணவி. அவளே அதைக் கேட்டது எமக்குப் பெரிய ஆறுதல்.

இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் மாறியதால் மட்டும் வரும் தவறு அல்ல இது. 1978 இல் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளிடம், 12/13 உம் 7/8 உம் சேர்ந்தால் ஏறக்குறைய எவ்வளவு என்று கேட்டார்கள். இரண்டுமே ஒன்றுக்குக் கிட்ட. ஆகவே விடை 2. சரியாகச் சொன்னவர்கள் 24 வீதத்தினர்தான். 19 என்றும் 21 என்றும் சொன்னவர்களே அதிகம். மேலே உள்ளவற்றைக் கூட்டினால் 19, கீழே உள்ளவற்றைக் கூட்டினால் 21. பின்னத்தை ஒரே எண்ணாகப் பாராமல் இரண்டு எண்களாகப் பார்க்கிறார்கள். எட்டு நாலிலும் பெரிது, ஆகவே 1/8 உம் 1/4 இலும் பெரிது என்று பிள்ளை சொல்வதும் இதனால்தான்.

பெருக்கினால் எப்போதும் கூடும் என்பது இன்னொரு மயக்கம். இதற்கு எங்கள் பழைய சொற்களே மருந்து. காலில் அரைவாசி அரைக்கால், அதாவது 1/8. அரைக்காலில் அரைவாசி வீசம், 1/16. ஓர் ஏக்கருக்கு 16 பரப்பு. ஆகவே ஒரு பரப்பு ஏக்கரில் வீசம். இதைத் தாத்தாமார் பள்ளிக்கூடம் போகாமலே சொல்வார்கள். பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது எமது மனக்குறை.

காணிக்குத் திரும்பும்போதும் பங்கு பிரிக்கும்போதும் உறுதியை வாசிக்கப் போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். பிரிபடாத அரைப் பங்கில் மூன்றிலொன்று என்று எழுதியிருப்பதை வெறும் மூன்றிலொன்றாக வாசித்தால், 12 பரப்பில் 2 பரப்புக்கு உரித்துள்ளவர் 4 பரப்புக்கு வேலி போடுவார். பிறகு சகோதரங்கள் வழக்குக்குப் போகவேண்டியதுதான்.

உறுதியோ அதன் பிரதியோ கையிலிருந்தால் இன்றிரவே எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்து, உங்கள் பங்கு எத்தனை பரப்பு என்று கேளுங்கள். தடுமாறினால் ஏசவேண்டாம். முற்றத்து மண்ணில் தடியால் காணியைக் கீறி, முதலில் இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.