காணாமற்போன காய்

சதுரங்கம் ஆடுவாரை நம் விடுதியில் மாலைதோறும் காணலாம். ஆயின், அக்காய்களை ஆடுதற்பொருட்டன்றித் திரட்டி வைத்தற்பொருட்டே தேடித் திரியும் ஒரு கூட்டத்தார் உலகில் உளர் என்பதை அவருட் பலர் அறியார். யானும் சென்ற ஆண்டு வரையில் அறிந்திலேன். எங்கள் வீட்டிலுள்ள பழைய காய்ப்பெட்டியைக் காண ஒரு பழம்பொருள் வணிகர் வந்தபோதுதான் அறிந்தேன். அவர் வந்த செய்தியைப் பின்னர்க் கூறுவேன்.

சதுரங்கம் என்னும் சொல் தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிக்கும். இந்தியாவினின்று பாரசீகத்திற்கும், அங்கிருந்து அராபியர் வாயிலாக ஐரோப்பாவிற்கும் சென்ற இவ்வாட்டத்தில் காய்களின் உருவம் நாடுதோறும் மாறிற்று. நம் யானை ஆங்கிலேயரிடம் அத்தியட்சராயிற்று, தேர் கோட்டையாயிற்று. இவ்வாறு மாறியும் ஆட்டம் கெடவில்லை. ஏனெனில், காயின் ஆற்றல் அது செல்லும் நெறியில் உள்ளதேயன்றி அதன் முகத்தில் இல்லை. ஆகவே அரசர், விலங்குகள், எந்திர மனிதர் என எவ்வுருவிலும் காய் செய்யலாம். இந்நாளில் எந்திர மனிதர் உருவிற் சிறு காய்களைச் செய்து, குறித்த தொகைக்குமேல் செய்யாது நிறுத்தி, அடியில் எண் பொறித்து விற்பாரும் உளர். ஆறு வகைக் காயும் ஒரு நோக்கிலேயே வேறு வேறாகத் தெரிதல் வேண்டும் என்பதொன்றே விதி. அழகிய பொம்மைப் படைகள் பல இவ்விதியில் தவறுவன. அவற்றைக்கொண்டு ஆடுவோன் அத்தியட்சரை அரசனென மயங்கித் தோற்பான்.

அம்மயக்கத்தை ஒழித்தது 1849ஆம் ஆண்டு நதானியேல் குக் என்பார் பெயரில் பதிவான அமைப்பு. இலண்டனில் ஜாக்ஸ் என்னும் நிறுவனத்தார் அதனைக் கடைந்து விற்றனர். அக்காலத்துப் பேர்பெற்ற ஆட்டக்காரரான ஹோவர்டு ஸ்டாண்டன் என்பாரது பெயரை அதற்கு இட்டனர். இன்றும் உலகப் போட்டிகளில் வழங்குவது அவ்வமைப்பே. ஜாக்ஸ் நிறுவனத்தாரின் பழங்காய்களில், அரசன் பக்கத்துக் குதிரைக்கும் கோட்டைக்கும் ஒரு சிறு முடிமுத்திரை குத்தப்பட்டிருக்கும். திரட்டுவோர் முதலில் தேடுவது அம்முத்திரையையே. அடுத்துக் குதிரையின் தலையை நோக்குவர். ஏனைய காய்கள் கடைசற்பொறியில் உருப்பெறுவன; குதிரையோ உளிகொண்டு கையாற் செதுக்கப்படுவது; ஆதலின் செய்தவன் திறம் அதிலே வெளிப்படும். இப்பழங்காய்களைப் போலச் செய்யும் தச்சர் இன்று அமிர்தசரசில் பலர் உளர். நிறம், எடை, அடியில் ஒட்டிய கம்பளித் துணி ஆகியவற்றால் முப்பத்திரண்டினுள் ஒன்று பிற்காலத்தது என்பதைத் தேர்ந்தோர் கண்டுகொள்வர். கண்டால் விலை பெரிதும் வீழும்.

நம் நாட்டுத் தந்தக் காய்களையும் அவர்கள் விரும்பித் தேடுவர். வங்காளத்துப் பெர்காம்பூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் செய்தவற்றில் ஒரு பக்கம் கம்பெனிச் சிப்பாய்களும், மறுபக்கம் சுதேச அரசர் படையும் நிற்கும். கம்பெனி உத்தியோகஸ்தர் அவற்றை வாங்கித் தம் ஊருக்குக் கொண்டு சென்றனர். வெற்றி எப்பக்கம் ஆதல் வேண்டுமென அவர் விரும்பினர் என்பதை யான் கூற வேண்டுவதில்லை.

நிற்க. காணாமற்போன காயின் அருமையை அறிய விரும்புவோர் லூயிஸ் தீவின் காய்களைப் பற்றி அறிதல் வேண்டும். ஸ்காட்லாந்தின் வடமேற்கே கடலிலுள்ள அத்தீவில், ஊயிக் என்னும் பகுதியில், 1831ஆம் ஆண்டு 93 சிறு பொருள்கள் வெளிப்பட்டன. அவற்றுள் 78 சதுரங்கக் காய்கள். 14 வேறொரு பலகையாட்டத்துக்குரிய வட்டுகள். எஞ்சிய ஒன்று கச்சையின் கொக்கி. பெரும்பாலானவை வால்ரஸ் என்னும் வடகடல் விலங்கின் தந்தத்தால் ஆனவை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலோ அதனை அடுத்தோ நார்வே நாட்டில் செய்யப்பட்டிருக்கலாம் என ஆராய்ச்சியாளர் கருதுவர். அத்தீவு அந்நாளில் நார்வே அரசரது ஆட்சியில் இருந்தது.

இக்காய்களின் முகங்களை ஒருமுறை கண்டோர் மறவார். அரசி கன்னத்தில் கைவைத்துக் கவலையுற்றாள்போல் அமர்ந்திருப்பாள். அத்தியட்சர் முடியும் கோலும் தாங்கி விழித்த கண்ணராய் இருப்பர். கோட்டைக்கு மாறாகக் காவல் வீரர் நிற்பர். அவருட் சிலர் போர்வெறியால் தம் கேடகத்தையே பல்லாற் கடித்துக்கொண்டிருப்பர்.

எண்ணிப் பார்ப்பின் இவை நான்கு முழுத்தொகுதிக்குரியன எனத் தோன்றும். அரசர் 8, அரசியர் 8, அத்தியட்சர் 16, இத்தொகை நிறைவானது. குதிரை வீரரோ 15, காவல் வீரர் 12, காலாட்கள் 19. ஆகவே ஒரு குதிரை வீரனும், நான்கு காவல் வீரரும், 45 காலாட்களும் குறைவு. இன்று 67 காய்கள் இலண்டன் பிரிட்டிஷ் கண்காட்சிச்சாலைக்கும், 11 எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசியக் கண்காட்சிச்சாலைக்கும் உரியன. குறைந்தவை எங்குப் போயின என ஒருவரும் அறியாதிருந்தனர்.

1964ஆம் ஆண்டு எடின்பரோவில் பழம்பொருள் வணிகர் ஒருவர் 5 பவுண்டு கொடுத்து ஒரு சிறு தந்த உருவை வாங்கினார். வால்ரஸ் தந்தத்தாலான பழைய போர்வீரக் காய் என்று தம் கணக்கேட்டில் எழுதிக்கொண்டாரேயன்றி, அது யாதெனத் தெரிந்துகொள்ளவில்லை. அவர் இறந்தபின் அது குடும்பத்தார் வீட்டில், மேசையறை ஒன்றில் கிடந்தது. பல்லாண்டு கழித்து அவர்கள் அதனை இலண்டன் ஏலக்காரரிடம் காட்டினர். காணாமற்போன காவல் வீரருள் ஒருவன் அவன்! உயரம் 9 சென்டிமீட்டரும் இல்லை. ஒரு கண் சிதைந்தவன். 2019ஆம் ஆண்டு ஜூலையில் அவன் 7,35,000 பவுண்டுக்கு விலைபோனான்.

எண்ணிட்டு விற்கும் புதுப் பொம்மைகளின் அருமையோடு இவ்வருமையை ஒப்பிடுதல் எனக்கு உடன்பாடன்று. முன்னையதை விற்பவனே வகுக்கின்றான். நூறு போதும் என்று அவன் நிறுத்தினான். ஆயிரம் செய்யவும் அவனால் இயலும். அப்பொம்மைகளை வாங்குவோர் பலர், விலை குறையுமென்று பெட்டியைத் திறப்பதுமில்லை. லூயிஸ் வீரனை அருமையாக்கியதோ யாரும் விரும்பாத இழப்பு.

இனி எங்கள் பெட்டிக்கு வருவேன். எங்கள் பாட்டனார் ஆசிரியராயிருந்தபோது வாங்கிய மரக்காய்கள் அதில் உள்ளன. வீடு மாறியபோது வெள்ளைக் கோட்டை ஒன்று தொலைந்தது. பாட்டியார் தம் தையற்பெட்டியினின்று நூல் சுற்றும் மரக்கட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முப்பது ஆண்டாக அக்கட்டையே கோட்டை. எத்தனையோ அரசர்களை அது வென்றிருக்கின்றது.

என் இவ்வாண்டுக் கல்லூரிக் கட்டணத்தை முன்னிட்டே அண்ணன் அவ்வணிகரை வரவழைத்தார். அவர் ஒவ்வொரு காயையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குதிரைத் தலைகளைப் புகழ்ந்தார். கட்டையைக் கண்டு நகைத்தார். “புதிதாக ஒரு கோட்டை கடைந்து, தேயிலைச் சாயம் ஏற்றிப் பழமையாக்கி வைத்துவிடலாம். முழுத்தொகுதி என்று விற்றால் வாங்குவோர் அறியமாட்டார். உங்களுக்கும் நல்ல விலை தருவேன்” என்றார். கோட்டை புதிது என்று எழுதி விற்பதாயின் என்ன விலை என்று அண்ணன் கேட்டார். வணிகர் அதில் மூன்றிலொரு பங்கைச் சொன்னார். அண்ணன் சிறிது நேரம் பேசாதிருந்து, காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் இட்டு மூடினார். கட்டணத்திற்குக் கடன் வாங்கினோம், இன்னும் தீரவில்லை.

அன்று மாலை அண்ணன் பலகையை விரித்தார். கட்டையை அதற்குரிய மூலையில் நிறுத்திவிட்டு, “தம்பி, இன்று வெள்ளை உனக்கு” என்றார்.