பள்ளித் தட்டில் 15 கிராம் பருப்பு: டெல்டா விவசாயிக்கு ஒரு கணக்கு

மந்தைவெளி, அடையாறு பகுதிகளில் வீட்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள் பலர் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளைக்குச் சமைத்து வைக்க நேரம் இருப்பதில்லை. இந்தக் குறையைப் போக்கும் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. 2025 ஆகஸ்ட் 26-ல், மயிலாப்பூரில் நடந்த விழாவில், நகர்ப்புற அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

சென்னைக்கு இது புதிதல்ல. 1920-லேயே தியாகராய செட்டியார் தலைமையிலான மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்கியது. பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. ஆங்கிலேய அரசு நிதிக்கு அனுமதி மறுத்ததால் 1925-ல் அது நின்றுபோனது. தியாகராய நகர் அவர் பெயரால் அமைந்ததே.

இன்று ரேஷனில் அரிசி இலவசம். வீட்டில் குறைவது பருப்பும் காய்கறியும்தான். ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு. நான்கு பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம்தான் வரும். காலை உணவுச் சாம்பாரிலோ பிள்ளைக்கு 15 கிராம் பருப்பு ஒதுக்கப்பட்டுள்ளது. அதனுடன் 50 கிராம் அரிசியும் சேர்ந்தால் ஏறக்குறைய 7 கிராம் புரதம் கிடைக்கும். மதிய முட்டையில் மேலும் 6 கிராம்.

வயலில் என்ன செய்யலாம்?

நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 200 நாளுக்கு 300 கிலோ பருப்பு தேவை. உடைக்கும்போது ஏற்படும் கழிவையும் சேர்த்தால் 400 கிலோவுக்கு மேல் பயறு வேண்டும். நெல் தரிசில் இரண்டு ஏக்கர் பாசிப்பயறு இதற்குப் போதும். பொங்கலுக்கு மட்டுமல்ல, சாம்பாருக்கும் பாசிப்பருப்பு ஏற்றதே.

சம்பா அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, வயலில் ஈரம் மெழுகுபோல் இருக்கும்போது, ஏக்கருக்கு 10 கிலோ ஆடுதுறை 3 விதையைத் தூவ வேண்டும். பூக்கும் தருணத்திலும், 15 நாள் கழித்தும் 2 சத டிஏபி கரைசலைத் தெளிக்க வேண்டும். தனி உழவு தேவையில்லை; மண்ணுக்கும் தழைச்சத்து சேரும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடம் இந்தப் பயறை நேரடியாக வாங்கிப் பள்ளிச் சமையலறைக்குக் கொடுத்தால் விவசாயிக்கு நிலையான சந்தை கிடைக்கும். இன்னொன்றும் செய்ய வேண்டும். கோடை விடுமுறையில் பள்ளி அடுப்பு அணைந்துவிடுகிறது. பிள்ளையின் பசி விடுமுறை எடுப்பதில்லை. அந்த மாதங்களுக்கு மட்டுமாவது ரேஷனில் கூடுதலாக ஒரு கிலோ பருப்பு வழங்கலாம்.