புது ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினீர்களா? பூஜைக்கு முன்னால் பெயின்ட்டைப் பாருங்கள்

புது வண்டி எடுத்தால் திருவண்ணாமலைக்காரர்கள் பலர் வீட்டுக்குக் கூடப் போகாமல் நேராக அண்ணாமலையாரிடம் கொண்டுபோவார்கள். பானட்டில் சந்தனம், குங்குமம், முன்பக்கம் மாலை, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம். ஒரு வாரம் கழித்து வாட்டர் வாஷ் விடும்போதுதான் கண்ணில் படும்: கதவோரம் பெயின்ட் வழிந்து உறைந்த கோடு, ஒரு பக்கம் மட்டும் நிறம் லேசாக மாறியிருக்கிறது.

ஷோரூமுக்கு போன் போட்டால், "டெலிவரி எடுக்கும்போது நல்லாத்தானே சார் இருந்துச்சு? கையெழுத்து போட்டிருக்கீங்களே!" என்ற பதில் வரலாம். பல லட்சம் கொடுத்து, ஆசை ஆசையாக வாங்கிய காரில் இது நடந்தால் என்ன செய்வது?

எது குறை, எது இயல்பு?

காரின் தகட்டின் மேல் பொதுவாக நான்கு அடுக்குகள் இருக்கும்: துருவைத் தடுக்கும் பூச்சு, பிரைமர், நிறம், அதன் மேல் கண்ணாடி போன்ற கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு.

ஆரஞ்சுத் தோல் போல மேற்பரப்பு லேசாகச் சுருக்கம் காட்டுவது ஆலையிலிருந்து வரும் புது கார்களிலும் உண்டு. வெயிலில் தெரியும் சிலந்தி வலை போன்ற மெல்லிய கீறல்கள், ஷோரூமில் அழுக்குத் துணியால் துடைத்ததால் வருபவை. பாலிஷில் போய்விடும்.

கவலைப்பட வேண்டியவை வேறு. ஒரு கதவு மட்டும் நிறம் மாறியிருப்பது, ரப்பர் பீடிங்கில் பெயின்ட் துளிகள், போல்ட் தலையில் ஸ்பேனர் பட்ட தடம். இவை இருந்தால், அந்த வண்டி உங்களிடம் வருவதற்கு முன்பே அடிபட்டு, டிங்கரிங் பார்த்து, மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு.

சொல்லாமல் அடித்த பெயின்ட்

இதில் உலகப் புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. 1990-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு மருத்துவர் சுமார் 40,750 டாலருக்குக் கறுப்பு நிற பிஎம்டபிள்யூ ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கினார். ஒன்பது மாதம் அவருக்கு எதுவும் தெரியவில்லை. காரை இன்னும் பளபளப்பாக்க ஒரு கடையில் விட்டபோது, "இதுக்கு மறுபடி பெயின்ட் அடிச்சிருக்காங்க" என்றார்கள்.

ஜெர்மனியிலிருந்து வரும் வழியில், அமில மழை பட்டதாலோ என்னவோ, பெயின்ட் கெட்டிருந்தது. பிஎம்டபிள்யூ 601 டாலர் செலவில் சரிசெய்து புதிதாகவே விற்றது. பழுதுச் செலவு விலையில் 3 சதவீதத்துக்குள் இருந்தால் டீலரிடம்கூடச் சொல்வதில்லை என்பது அப்போது அதன் கொள்கை.

ஜூரி கொடுத்த இழப்பீடு 4,000 டாலர். அபராதமாக மேலும் 40 லட்சம் டாலர். மாநில உச்ச நீதிமன்றம் அபராதத்தைப் பாதியாக்கியது. அதுவும் அளவுக்கு மீறியது என்று 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அது 50,000 டாலரில் முடிந்தது. தொகை குறைந்தாலும் விஷயம் மாறவில்லை. பெயின்ட் அடித்தது குற்றமில்லை. சொல்லாமல் விற்றதுதான் குற்றம். முதல் தீர்ப்பு வந்ததுமே, எவ்வளவு சிறிய பழுதானாலும் சொல்லிவிடுவது என்று பிஎம்டபிள்யூ தன் கொள்கையை மாற்றிக்கொண்டது.

சாவி வாங்கும் முன்

• பதிவு எண் வாங்குவதற்கு முன்பே காரைப் பாருங்கள். ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்துவிட்டால், வேறு கார் கேட்பது கடினம்.

• ஷோரூம் விளக்கில் எல்லாமே அழகுதான். கழுவித் துடைத்த காரைப் பகல் வெளிச்சத்தில், சாய்வாக நின்று பாருங்கள்.

• பெயின்ட் கன அளவு கருவியால் ஒவ்வொரு பாகத்தையும் அளக்கச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் 120 காட்டி, ஒரு கதவில் மட்டும் 250-க்கு மேல் போனால் காரணம் கேளுங்கள். அலுமினியத்துக்கு அதற்கேற்ற கருவி வேண்டும். பிளாஸ்டிக் பம்பரை சாதாரணக் கருவியால் அளக்க முடியாது.

• சென்னையில் டெலிவரி எடுத்தால், ஷோரூமிலேயே சுற்றிலும் வீடியோ எடுத்துவிடுங்கள். செஞ்சி வழியாக ஊர் வந்து சேர்வதற்குள் ஜல்லி தெறித்தால், பழைய குறையும் "ரோட்டில் வந்தது" ஆகிவிடும்.

• குறை இருந்தால் டெலிவரி தாளிலேயே எழுதி, அவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

"பாலிஷ் போட்டுத் தர்றோம் சார்"

சிறிய கீறலுக்கு ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டில் கொஞ்சம் தேய்த்து எடுக்கிறது. அந்த அடுக்கே சுமார் 40, 50 மைக்ரான்தான். முன்னும் பின்னும் அளந்து, எவ்வளவு எடுத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

குறை தீரும்வரை செராமிக் கோட்டிங், பிபிஎஃப் ஃபிலிம் எதற்கும் தலையாட்டாதீர்கள். அவை குறையை மறைத்துவிடும், போக்காது. அவசரப்பட்டு உள்ளூர்ப் பட்டறையிலும் கை வைக்க விடாதீர்கள். சாட்சியும் அழிந்துவிடும், வாரண்டிக்கும் சிக்கல் வரும்.

எங்கே புகார் செய்வது?

டீலர், தயாரிப்பாளர் இருவருக்கும் படங்களுடன் மின்னஞ்சல் அனுப்புங்கள். இருவரும் முக்கியம். பழைய காரைப் புதிது என்று டீலர் விற்ற ஒரு வழக்கில், தயாரிப்பாளருக்கு அது தெரியும் என்று நிரூபிக்காததால் டாடா மோட்டார்ஸை 2021-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, கார் வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்றில்லை. நீங்கள் வசிக்கும் திருவண்ணாமலை மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாயைத் தாண்டினால் மாநில ஆணையம், 2 கோடியைத் தாண்டினால் தேசிய ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும்.

ஆனால் புது காரே கிடைத்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். பாகத்தை மாற்றித் தருவதாக வாரண்டி சொன்னால், முழுக் காரை மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-ல் மாருதி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பெயின்ட் குறைக்குப் பழுதுபார்ப்பும் இழப்பீடும் எதிர்பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்தது.

பூஜை ஒரு நாள் தள்ளிப்போனால் அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் சந்தனம் பூசிய பிறகு கண்டுபிடித்த குறைக்கு, "இது முன்னாடியே இருந்துச்சு" என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையது.