தனி டம்ளர் எதற்கு?

வீட்டில் ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்துவிட்டால் முதலில் பிரிவது அவருடைய டம்ளர்தான். அடுத்து தட்டு, பிறகு துண்டு, சோப்பு, பாய். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் மூன்று வயதுக் குழந்தை அவர் மடியில் ஏறப் போனால், யாராவது வந்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

"மாமா துண்டுல பையன் முகத்தைத் துடைச்சிட்டான், டெஸ்ட் எடுக்கணுமா டாக்டர்?" "வேலைக்கு வர்ற அக்காவுக்கு அந்த நோயாம், அவங்க தேய்ச்ச பாத்திரத்துல பாப்பாவுக்குப் பால் ஊத்தலாமா?" "பக்கத்துல உட்கார்ற பையனோட பென்சிலை இவ கடிச்சிட்டா." இப்படிக் கேட்கிற பெற்றோர் ஈரமில்லாதவர்கள் அல்ல. பிள்ளைக்கு ஒன்று ஆகிவிடக் கூடாதே என்ற பதைப்பு அவர்களைக் கேட்க வைக்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்கவோ அதட்டவோ யாருக்கும் உரிமையில்லை. தெளிவான பதில்தான் தேவை. டம்ளர், தட்டு, துண்டு, சீப்பு, கழிப்பறை, பென்சில் இவற்றால் எச்.ஐ.வி. பரவாது. இது ஆறுதலுக்காகச் சொல்லும் வார்த்தை அல்ல. வீடுகளுக்குள்ளேயே சோதித்துப் பார்த்து அறிந்த உண்மை.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிராங்க்ஸ் என்ற பகுதி. 1980களில் எய்ட்ஸ் அங்கே ஏழைக் குடும்பங்களைச் சூறையாடிக்கொண்டிருந்தது. ஜெரால்டு ஃபிரீட்லேண்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அந்தக் குடும்பங்களை ஆராய்ந்து, முடிவுகளை 1986 பிப்ரவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்டார்கள். 39 நோயாளிகள். அவர்களோடு ஒரே வீட்டில் குறைந்தது மூன்று மாதமாவது வாழ்ந்த 101 பேர். அதில் 68 பேர் குழந்தைகள். நோயாளிகளுடன் பாலுறவுத் தொடர்பு உள்ளவர்களை இதில் சேர்க்கவில்லை. ஒரே கழிப்பறை, ஒரே கட்டில், ஒரே தட்டு, ஒரே துண்டு. சிலர் சவர ரேசரையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும்கூட மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருந்தார்கள். கட்டிப்பிடிப்பதற்கும் முத்தம் கொடுப்பதற்கும் கணக்கே இல்லை.

எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தபோது, 101 பேரில் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் தொற்று இருந்தது. ஐந்து வயதான அந்தக் குழந்தைக்கும் அது பிறப்பின்போதே தாயிடமிருந்து வந்திருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எச்.ஐ.வி.க்கான முதல் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1987இல்தான். அதாவது அந்த நோயாளிகள் யாரும் வைரஸை அடக்கும் மாத்திரை எதையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. வைரஸ் உடலில் கட்டுப்பாடில்லாமல் பெருகியிருந்த நிலையிலும், புழங்கிய பொருள்கள் வழியாக அது ஒருவருக்கும் தாவவில்லை.

ஏன் தாவவில்லை என்பதற்கு வைரஸின் உடலமைப்பே காரணம். எச்.ஐ.வி.யின் மேல் உறை மெல்லிய கொழுப்புப் படலம். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு கரைப்பதுபோல அந்தப் படலத்தையும் சோப்பு கரைத்துவிடும். அதற்குச் சூடும் ஆகாது, உலர்வதும் ஆகாது. ஈரம் காயத் தொடங்கியதுமே வைரஸ் செயலிழக்க ஆரம்பிக்கிறது. காய்ந்த சில மணி நேரத்திலேயே 90 முதல் 99 விழுக்காடு வைரஸ் அழிந்துவிடுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அந்தச் சோதனைகளிலும் மனித ரத்தத்தில் இயல்பாக இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமான வைரஸைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 'வெளியே நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்' என்று சுற்றும் செய்திகளுக்கெல்லாம் வேர், இப்படிச் செறிவூட்டிய ஆய்வகத் திரவங்களும் காற்றுப் புகாத ஊசிக் குழல்களும்தான். அடுப்படியில் கழுவிக் கவிழ்த்த டம்ளருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

உடலுக்குள் போனாலும் அது நினைத்த இடத்தில் வளர முடியாது. சிடி4 என்ற புரதத்தைத் தாங்கிய வெள்ளையணுக்களில் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தால்தான் பெருக முடியும். முழுமையான தோலைத் தாண்டி அவற்றை அடைய அதற்கு வழியில்லை. எச்சில் இன்னும் மோசமான இடம். உமிழ்நீரில் உப்பு குறைவு என்பதால் தொற்றுள்ள வெள்ளையணுக்கள் அதில் ஊதிப்போய் உடைந்துவிடுகின்றன. போதாததற்கு வைரஸைத் தடுக்கும் புரதங்களும் அதில் உண்டு. கண்ணீர், வியர்வை, தும்மல் எதுவும் பரப்பாது. கொசுவும் பரப்பாது. கொசு கடிக்கும்போது நம் உடலுக்குள் விடுவது தன் எச்சிலை. முன்பு குடித்த ரத்தம் அதன் வயிற்றில் செரித்துப்போகிறது, வைரஸும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது.

அப்படியானால் ரேசரையும் பிரஷ்ஷையும் பகிராதீர்கள் என்று மருத்துவர்களே ஏன் சொல்கிறார்கள்? விவரம் தெரிந்த பெற்றோரைக்கூடக் குழப்புவது இந்த அறிவுரைதான். அது நல்ல அறிவுரை. ஆனால் அதற்கு முக்கியக் காரணம் வேறொரு வைரஸ்: ஹெபடைடிஸ் பி, அதாவது கல்லீரலைத் தாக்கும் மஞ்சள் காமாலை வகை. காய்ந்த ரத்தக் கறையிலும் அது ஏழு நாள் வரை தாக்குப்பிடிக்கும். நோயாளியைக் குத்திய ஊசி மருத்துவப் பணியாளரைக் குத்திவிட்டால், எச்.ஐ.வி. தொற்றுவது ஆயிரத்தில் சுமார் மூன்று பேருக்கு. தடுப்பூசி போடாதவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தொற்றுவது ஆயிரத்தில் அறுபதிலிருந்து முந்நூறு பேர் வரை. வீட்டுக்குள் ரேசர், நகவெட்டி, பிரஷ் வழியாகப் பரவக்கூடியது அதுதான். நல்ல வேளையாக அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒன்று, பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில் என அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். மாமாவின் துண்டை நினைத்துத் தூக்கம் கெடுபவர்கள், பிள்ளையின் தடுப்பூசி அட்டையை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

விதிவிலக்கே கிடையாதா என்றால், உண்டு. மறைக்கத் தேவையில்லை. வீட்டுக்குள் எச்.ஐ.வி. பரவியதாக மருத்துவ இதழ்களில் பதிவான நிகழ்வுகள் மிகச் சில. அவற்றில் ரத்தத்தோடு நேரடித் தொடர்பு நேர்ந்ததற்கான வாய்ப்பு இருந்தது. ஒரே ரேசர், கையுறை இல்லாமல் புண்ணுக்குப் பணிவிடை, இப்படி. அமெரிக்காவில் மூன்று குழந்தைகளுக்கு, பெரியவர்கள் மென்று ஊட்டிய உணவு வழியாகத் தொற்றியிருப்பதாகக் கண்டறிந்தார்கள். ஊட்டியவர்களில் சிலருக்கு வாயில் ரத்தக் கசிவு இருந்ததும் தெரியவந்தது. பாட்டி சோற்றை மென்று பேரனுக்கு ஊட்டும் வழக்கம் நம் ஊர்களிலும் உண்டு. பல்சொத்தைக் கிருமிகளும் அதே வழியில்தான் வரும் என்பதால், யாருக்கு எந்த நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. கையால் நன்றாக மசித்து ஊட்டினால் போதும்.

அடுத்து, மொட்டையும் காதுகுத்தும். குலதெய்வம் கோயிலில் வரிசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, கத்தி ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போவதைப் பார்த்து எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும். கத்தியின் பிடி பழையதாக இருக்கலாம், பிளேடு புதிதாக இருக்க வேண்டும். உறையிலிருந்து பிளேடை எடுத்து, இரண்டாக உடைத்து, பாதியைக் கத்தியில் செருகுவதை நம் கண்முன்னே செய்யச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். "அண்ணே, புது பிளேடு மாத்திடுங்க" என்றால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. காது குத்தும் ஆசாரியிடமும் புது ஊசியோ புதுக் கம்பியோ கேட்கலாம். பச்சை குத்துவதற்கும் இதே விதி. வெறும் சவரக் கீறலால் எச்.ஐ.வி. வருவது அரிதிலும் அரிது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்காகவும் சேர்த்துத்தான் இந்த எச்சரிக்கை.

தெருவில் கிடந்த ஊசி பிள்ளையின் காலில் ஏறிவிட்டால்? காய்ந்துபோன பழைய ஊசியில் ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் வீட்டிலேயே முடிவு செய்துவிடக் கூடாது. பிதுக்காமல், சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்து தேவை என்று மருத்துவர் கருதினால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுப்பார். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

குளிர்பானத் தொழிற்சாலை ஊழியர் ரத்தத்தைக் கலந்துவிட்டார், சினிமா தியேட்டர் இருக்கையில் ஊசி வைத்திருக்கிறார்கள், வாழைப்பழத்தில் ரத்தம் செலுத்தியிருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுபவை எல்லாம் பல ஆண்டுகளாக ஊர் பெயரை மாற்றிக்கொண்டு வரும் பொய்கள். பழத்திலோ பானத்திலோ ரத்தம் கலந்திருந்தால்கூட, எச்.ஐ.வி. அதில் பிழைக்காது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. அதன் பிறகு நாம் கேட்டு வளர்ந்த சொல் 'ஆட்கொல்லி நோய்'. அன்றைக்கு மருந்தில்லை, அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரம் தமிழ்நாட்டுச் சுவர்களையெல்லாம் நிறைத்தபோது, பாலுறவு வழியே பரவும் என்பது கடைக்கோடி கிராமத்துக்கும் போய்ச் சேர்ந்தது. எதனால் பரவாது என்பது அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தக் குறையின் விலையைக் கொடுத்தவர்கள் குழந்தைகள். சக பெற்றோரின் எதிர்ப்பால் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகள், தனி மூலையில் தனித் தட்டில் சாப்பிட்ட பிள்ளைகள் நம் நாட்டில் உண்டு. அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. ரத்தம் உறையாமை நோய்க்கான மருந்து வழியே தொற்று வந்த ரயன் வைட் என்ற சிறுவனை, 1985இல் இண்டியானா மாநிலத்தில் அவனுடைய பள்ளி உள்ளே விட மறுத்தது. இங்கே 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், கல்வியிலும் வேலையிலும் சிகிச்சையிலும் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. வகுப்பில் யாருக்குத் தொற்று இருக்கிறது என்று சொல்லும்படி பள்ளியைக் கேட்கும் உரிமை மற்ற பெற்றோருக்கு இல்லை. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை.

குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. வரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்: கர்ப்பத்தில், பிரசவத்தில், தாய்ப்பாலில், தாயிடமிருந்து. சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றும். தாய்க்கு உரிய காலத்தில் மருந்தும் குழந்தைக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தால் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதற்குக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மற்றொரு வழி ரத்தம். 2018 இறுதியில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது தமிழகத்தையே உலுக்கியது. நம் கோபமும் கண்காணிப்பும் போக வேண்டிய இடங்கள் இவை: ரத்த வங்கி, ஊசி, கர்ப்பகாலப் பரிசோதனை.

இன்று மருந்து என்பது பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. 2004 ஏப்ரலிலிருந்து எச்.ஐ.வி. சிகிச்சைக்கான அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசம். ஒழுங்காகச் சாப்பிடுபவர்களின் ரத்தத்தில் வைரஸ், கருவிகளால் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து வாழ்க்கைத் துணைக்குப் பாலுறவில்கூடத் தொற்றுவதில்லை என்று ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வு 2019இல் உறுதி செய்தது. அப்படிப்பட்ட ஒருவர் குடித்த டம்ளரைத் தனியாக வைப்பதால் யாருக்கு என்ன பாதுகாப்பு? அவர் மனம் உடைந்து, மாத்திரையை ஒளித்து வைத்து, ஒருநாள் சாப்பிடாமலே விட்டுவிடுவதுதான் நடக்கும். வைரஸ் மறுபடி பெருகுவது அப்போதுதான்.

ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர் இருக்கும் வீட்டில் பெற்றோர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: அவருடைய இருமல். எதிர்ப்பு சக்தி குறைந்தவரைக் காசநோய் எளிதில் பிடிக்கும். அது காற்றில் பரவும், குழந்தைக்கும் வரும். அவருக்கு இருமல் நீடித்தாலோ, மாலையில் காய்ச்சல் வந்தாலோ, எடை குறைந்தாலோ தாமதிக்காமல் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். காசநோய் உறுதியானால், குழந்தையையும் பரிசோதித்து, நோய் இல்லாவிட்டால் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். வேறு சந்தேகம் எதுவானாலும் 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே கேட்கலாம்.